நெரிவும் விடுதலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே விஞ்ஞானப் பொருளொன்று பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபோது, விண்வெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ பேசலாமென்றே முதலில் எண்ணினேன். வானத்தை அண்ணாந்து பார்க்குமுன் எங்கள் கைகளை ஒருதரம் குனிந்து பார்த்தால் என்ன என்று பின்னர் தோன்றியது. ஆகவே, நெரிந்துபோன நரம்பையும் தசையையும் விடுவிக்கின்ற சத்திரசிகிச்சையைப் பற்றி, அதிலும் ஒலியின் துணைகொண்டு சிறு துளை வழியே செய்யும் புதிய முறையைப் பற்றி, இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் வைத்தியனல்லன். பௌதிகவியல் பயிலும் மாணவன். ஒலியைப் பற்றிக் கற்றதனால் இவ்விடயத்தில் ஆவல் உண்டாயிற்று. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆச்சி சார்வோலையிலே பெட்டி இழைப்பதில் கைதேர்ந்தவர். ஒரு காலத்தில் அவருடைய வலக்கையில் இரவு வேளைகளில் விறைப்பு உண்டாகத் தொடங்கிற்று. நடுச்சாமத்தில் எழுந்திருந்து கையை உதறுவார். உதறினால் சற்றுக் குறையும். நோவெண்ணெய் பூசினார், சுடுநீர் ஒத்தடம் பிடித்தார். இப்படிச் சில ஆண்டுகள் கழிந்தன. பிறகு ஓலை விரலில் நிற்காமல் வழுவத் தொடங்கிற்று. அப்போதுதான் வைத்தியசாலைக்குப் போனார். சத்திரசிகிச்சை செய்தார்கள். அன்று முதல் இரவில் நல்ல நித்திரை. ஆனால், பெருவிரலின் அடியிலே இருக்க வேண்டிய தசைமேடு அதற்கு முன்னமே வற்றிப் பள்ளமாகி விட்டது. அந்தப் பலம் திரும்பி வரவில்லை. பெட்டி இழைப்பதும் அத்தோடு நின்றுபோயிற்று.

"ஆச்சி, ஏன் முந்தியே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சாகிற வருத்தமோ மோனை இது?" என்றார்.

பெரியோர்களே, இந்த ஒரு வார்த்தைக்கு விடை சொல்லவே இன்று இம்மேடையில் நிற்கிறேன். சாகிற வருத்தமன்று, உண்மைதான். ஆனால் கை சாகிறது. உழைப்பவருக்குக் கை போனபின் எஞ்சுவது என்ன?

நரம்பு நெரிவது எங்ஙனம்?

மணிக்கட்டிலே எட்டுச் சிறிய என்புகள் ஒரு தோணியின் அடிப்பாகம் போல வளைந்து அமைந்திருக்கின்றன. அந்தத் தோணிக்கு மேலே தடித்த நார்ப்பட்டை ஒன்று குறுக்கே மூடியிருக்கிறது. அடியில் என்பு, மேலே நார். இடையில் உள்ளது ஓர் ஒடுங்கிய சுரங்கம். அச்சுரங்கத்தினூடாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் செல்கின்றன. அவற்றோடு நடு நரம்பு எனப்படும் ஒரேயொரு நரம்பும் செல்கிறது. ஒன்பது முரட்டுக் கயிறுகளின் நடுவே ஒரு மெல்லிய தந்திக்கம்பி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ உடலில் நீர் தேங்கினாலோ சுரங்கத்தில் நெருக்கடி உண்டாகும். என்பு விலகாது, நார்ப்பட்டையும் எளிதில் நெகிழாது. துன்பம் முழுவதும் அந்த மெல்லிய நரம்பின் தலையிலேயே விழுகிறது. அதற்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை விறைக்கின்றன. சின்னவிரலுக்குச் செல்லும் நரம்பு வேறு வழியாற் போவதால் அது பெரும்பாலும் தப்பிக்கொள்ளும். நித்திரையிலே மணிக்கட்டு மடிந்து கிடப்பதால் இரவில் வேதனை மிகும்.

இந்நோய் ஆண்களிலும் பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. நீரிழிவு உடையோர், தைரொயிட் சுரப்பு குறைந்தோர், மூட்டுவாதம் உடையோர், கருவுற்றிருக்கும் தாய்மார் ஆகியோருக்கு எளிதில் வரும். ஓயாமல் இறுகப் பற்றி வேலைசெய்யும் கைகளையும், அதிரும் இயந்திரங்களைப் பிடிக்கும் கைகளையும் இது நாடும். தேங்காய் துருவுவதும், ஓலை இழைப்பதும், தோட்டத்திலே மண்வெட்டி பிடிப்பதும், தையல் வேலை செய்வதும் எங்கள் குடாநாட்டுக் கைகளின் அன்றாடத் தொழில்களன்றோ!

பெயரில்லாதிருந்த நோய்

இந்நெரிவு மனிதனுக்குப் புதியதன்று. இதை அறிந்துகொண்டதுதான் புதியது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் பஜெற் என்னும் சத்திரவைத்தியர் 1850களில், மணிக்கட்டு முறிந்த ஒருவரின் நடு நரம்பு நெரிந்து துன்புற்றதை எழுதி வைத்தார். நார்ப்பட்டையை வெட்டி நரம்பை விடுவித்த செய்தியை ஜேம்ஸ் லியர்மந் என்பவர் 1933 இல் வெளியிட்டார். 1950 முதலாக அமெரிக்காவின் ஜோர்ஜ் ஃபேலன் என்பவர் பல நோயாளரைப் பரிசோதித்து எழுதிய பின்னரே, இது பரவலாக நிகழும் ஒரு நோய் என்பதை வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டது. அதுவரையில் நோயாளி இருந்தார், நோவு இருந்தது, பெயர்தான் இருக்கவில்லை. பெயரில்லாத நோவை வயதின் மேலும் வாதத்தின் மேலும் விதியின் மேலும் சுமத்தினார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். எங்கள் வீடுகளிலே இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

ஃபேலன் அவர்களின் பரிசோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, மணிக்கட்டுகளை மடக்கியபடி ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். அப்போது நான் சொன்ன அதே விரல்கள் விறைத்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. இது மட்டும் முடிவாகாது. முடிவு சொல்ல வேண்டியவர் வைத்தியரே.

ஒலியால் காண்பது

நார்ப்பட்டையை வெட்டினால் சுரங்கத்தின் கூரை திறந்து நரம்பு விடுதலை பெறும். அந்த வெட்டைச் செய்வதற்குப் பழைய முறையிலே உள்ளங்கையில் இரண்டு முதல் ஐந்து சென்ரிமீற்றர் வரை தோலைத் திறந்து, கண்ணாற் கண்டு வெட்டுவார்கள். கண்ணாற் காண்பதற்காகவே அவ்வளவு திறக்க வேண்டியிருந்தது. நார்ப்பட்டையை வெட்ட அவ்வளவு பெரிய வாசல் தேவையில்லை. அப்படியானால், தோலைத் திறக்காமலே உள்ளே காண முடியுமானால்? ஒலி வந்து கைகொடுப்பது இந்த இடத்திலேதான்.

எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் எதிரொலி வருகிறது. ஒலி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு கிணற்றின் ஆழத்தைக் கணக்கிடலாம். மனிதக் காது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டதைக் கழியொலி என்கிறோம். கையைப் பார்க்கும் கருவிகளிலே ஒரு செக்கனுக்கு ஒன்றரைக் கோடி அதிர்வு அளவான கழியொலியைப் பயன்படுத்துகிறார்கள். உடலின் மென்மையான பாகங்களில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் வேகத்திற் செல்லும். வகுத்துப் பார்த்தால் ஒவ்வோர் அலையின் நீளமும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு என்று வருகிறது. அலை சிறிதானால் அது காட்டும் நுணுக்கம் பெரிது. ஆனால் அத்தகைய அலை ஆழமாகச் செல்லாது. மணிக்கட்டு நரம்பு தோலின் கீழே மிக அண்மையிலேயே இருப்பது எங்கள் நல்ல காலம்.

ஸ்கான் எடுக்கும்போது தோலிலே குளிர்ந்த பசையொன்றைப் பூசுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். கருவிக்கும் தோலுக்கும் இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே புகாமல் அங்கேயே திரும்பிவிடும். அந்தக் காற்றை நீக்கவே அப்பசை.

இந்தக் கருவியின் பிறப்பும் சுவையானது. கிளாஸ்கோ நகரிலே இயன் டொனால்ட் என்னும் மகப்பேற்று வைத்தியர், உலோகத்தில் உள்ள வெடிப்புகளைக் கண்டறியும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு, 1955 இல் மனித உடற் கட்டிகளை ஆராயத் தொடங்கினார். அவரும் அவரோடு உழைத்தவர்களும் 1958 இல் அதன் பயனை உலகுக்கு அறிவித்தார்கள். இரும்பின் குற்றத்தைப் பார்க்க வந்த கருவி, தாயின் வயிற்றிலுள்ள சிசுவைப் பார்க்கும் கருவியாயிற்று. பின்னர் அதன் கூர்மை வளர வளர, நரம்புகளையும் அதிலே காண முடிந்தது. நெரிந்த நரம்பு நெரிவுக்கு முன்னால் வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தைத் திரையிலே அளந்து சொல்லலாம்.

சிறு துளை, சிறு கத்தி

1980களின் பிற்பகுதியிலே யப்பானிலும் அமெரிக்காவிலும் சிறு குழாய்க் கமராவை மணிக்கட்டுக்குள் செலுத்தி வெட்டும் முறை தோன்றிற்று. 1997 இல் நாகமிச்சி, தச்சிபானா என்னும் யப்பானிய வைத்தியர் இருவர், கழியொலியால் வழிகாட்டப்பட்டு நார்ப்பட்டையை வெட்டும் முறையை வெளியிட்டார்கள். அதன் பின் பலர் அதனைச் செம்மைப்படுத்தினர்.

இன்று அது நடைபெறும் விதம் இது. நோயாளியை மயக்குவதில்லை, கையை மாத்திரம் மரத்துப்போகச் செய்கிறார்கள். கழியொலித் திரையிலே நரம்பு, நாண், இரத்தக் குழாய் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். ஊசியால் நீர்மருந்து செலுத்தி நரம்பை ஒதுக்கி வைக்கிறார்கள். பிறகு அரைச் சென்ரிமீற்றர் அளவான துளையினூடாக மெல்லிய கருவியொன்றை நார்ப்பட்டையின் கீழே செலுத்துகிறார்கள். ஒருவகைக் கருவியிலே கத்தியின் இரு பக்கமும் சிறு பலூன்கள் உண்டு. அவை ஊதி, நரம்பை ஒரு பக்கமும் இரத்தக் குழாயை மறுபக்கமும் விலக்கிப் பிடிக்கும். அப்போதுதான் கத்தி வெளியே தலை நீட்டும். நார்ப்பட்டை வெட்டுண்டதைத் திரையிலே கண்டபின் கருவியை எடுத்துவிடுகிறார்கள். தையல் பெரும்பாலும் வேண்டியதில்லை.

இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்காவிலே குவோ என்பவரும் அவரோடு சேர்ந்தோரும் 2015 இல் வெளியிட்டது. ஊசித்துளைகள் வழியாக ஒரு நூலை நார்ப்பட்டையின் மேலும் கீழுமாக வளைத்துக் கோத்து, முன்னும் பின்னும் இழுத்து அறுப்பது. அவித்த முட்டையை நூலால் அறுக்கும் எங்கள் தாய்மாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. புதிய முறையையும் பழைய முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகளிலே, முதற் சில வாரங்களிற் புதிய முறை நோவைக் குறைத்து விரைவில் வேலைக்கு அனுப்புவதாகக் கண்டிருக்கிறார்கள். மாதங்கள் கழிந்தபின் இரண்டும் ஏறக்குறைய ஒரே பயனையே தருகின்றன. ஆகவே, புதிய கருவி கிடைக்கும்வரை காத்திருப்போம் என்று ஒருவர் பழைய சிகிச்சையைத் தள்ளிப்போடுவாராயின், அது பேதைமை. கழியொலியும் எல்லாம் வல்லதன்று. என்புக்கு அப்பால் அது காணாது. பிடிப்பவர் கையில் பயிற்சியில்லையேல் திரையிலே மேகம்தான் தெரியும். சுரங்கத்தினுள் கட்டி இருந்தாலோ, முன்பு ஒருமுறை வெட்டிய கையாக இருந்தாலோ, திறந்து பார்ப்பதே பல வேளைகளில் நன்று. மேலும், ஆரம்ப நிலையிலுள்ள பலருக்குக் கத்தியே வேண்டாம். இரவிலே மணிக்கட்டு மடியாதபடி ஒரு பட்டியை அணிவதும் ஓர் ஊசி மருந்தும் போதுமாக இருக்கும்.

தசை நெரியும்போது

நரம்பைப் போலத் தசையும் நெரியும். முழங்கையின் கீழும் முழங்காலின் கீழும் தசைகள் இறுகிய உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. நெடுந்தூரம் ஓடுவோர் சிலருக்கு ஓடும்போது தசை வீங்கி, உறைக்குள் இடமின்றிக் கால் வலிக்கும், நின்றால் தணியும். இவர்களுக்கு அவ்வுறையைக் கழியொலியின் துணையோடு சிறு துளை வழியே பிளக்கும் முறையையும் இப்போது கையாளுகிறார்கள்.

ஆனால் இன்னொரு வகை உண்டு. அது திடீரென வருவது. நாழிகை பார்த்து நடக்க வேண்டியது. மாமரத்திலிருந்து விழுந்து முழங்கையை முறித்துக்கொண்ட சிறுவனை எண்ணுங்கள். உள்ளே வீக்கம் ஏறுகிறது. வெளியே கட்டு இறுக்கமாக இருக்கிறது. தசைக்கு இரத்தம் செல்லாது. ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் விடுவிக்காவிட்டால் தசை இறக்கத் தொடங்கும். பிறகு விரல்கள் பறவையின் நகம்போல மடங்கி நிலைத்துவிடும். ஜேர்மானிய வைத்தியர் றிச்சாட் ஃபொன் ஃபோல்க்மன் 1881 இல் எழுதிய இந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இங்கே சிறு துளை உதவாது. நீளமாகத் திறந்தே விடுவிக்க வேண்டும். எந்த இடத்திற் கத்தி சிறிதாக இருக்கலாம், எந்த இடத்திற் பெரிதாக இருக்க வேண்டும் என்று அறிவதே சத்திரசிகிச்சையின் விவேகம்.

முறிவு நெரிவு பார்க்கும் எங்கள் பரியாரிமாரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தலைமுறை தலைமுறையாக மக்களுக்கு உதவியவர்கள் அவர்கள். ஆயினும் கட்டைக் கட்டியவர் யாராக இருப்பினும், கட்டியபின் நோவு குறையாமல் ஏறுமானால், விரலை நீட்டிவிடும்போது பிள்ளை அலறுமானால், விரல்கள் விறைக்குமானால், விடியட்டும் என்று பார்த்திராதீர்கள். கட்டைத் தளர்த்தி அப்போதே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நாடி துடிக்கிறதே என்று ஆறுதலடைய வேண்டாம். நாடி துடித்துக்கொண்டிருக்கும்போதே தசை இறக்கலாம்.

எங்கள் மொழியிலே சொல்வோம்

நான் மிஷன் பாடசாலையொன்றிலே பயின்றவன். அதனால் ஒரு பெயரை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்தார். தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்க வேண்டும் என்று துணிந்து, தம் மாணவரோடு சேர்ந்து மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். சத்திரசிகிச்சை பற்றிய "இரண வைத்தியம்" 1867 இல் வெளிவந்தது. சமயத்திலே அவர் வழி வேறு. எங்கள் வழி வேறு. ஆனால் அவர் பிறந்த 1822 ஆம் ஆண்டிலேதான் எங்கள் நல்லூரிலே ஆறுமுக நாவலர் அவர்களும் பிறந்தார்கள். ஒருவர் சைவத்தையும், மற்றவர் வைத்தியத்தையும், கற்றவரும் மற்றவரும் விளங்கும்படி தமிழ் வசனத்திலே எழுதினார்கள். அறிவு மக்களின் பாஷையிலே வந்தாலன்றி மக்களுடையதாகாது என்பது இருவர் உழைப்பினாலும் விளங்கும்.

இதை ஏன் சொல்கிறேன்? வைத்தியரிடம் போய் "கை ஏலாது" என்று மட்டும் சொல்லித் திரும்புவோர் பலர். நோவைச் சொல்லத் தெரிந்தாற் பாதி நோய் பிடிபடும். ஆகவே இளைஞர்களே, இன்று வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடமும் ஆச்சியிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தெந்த விரல் விறைக்கிறது? இரவில் எழுப்புகிறதா? உதறினாற் குறைகிறதா? பிடித்த பொருள் கைநழுவுகிறதா? பிறகு அவர்களுடைய பெருவிரலின் அடியைத் தொட்டுப் பாருங்கள். மேடாக இருக்கிறதா, பள்ளமாகிறதா? விடைகளை ஒரு துண்டிலே எழுதி, அவர்களோடு நீங்களும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வைத்தியத்திலே நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்று நான்கு பகுதி உண்டென வள்ளுவர் வகுத்தார். கத்தியைச் சிறிதாக்கும் வேலையை வைத்தியரும் விஞ்ஞானியும் செய்திருக்கிறார்கள். நோயைச் சிறிதாக இருக்கும்போதே கொண்டுபோகும் வேலை நோயாளியினதும் உடனிருக்கும் எங்களதும் ஆகும். நாங்கள் பிந்திப்போனால், உலகத்தின் மிகச் சிறிய கத்தியும் வற்றிய தசையை வளர்த்துத் தராது.

எங்கள் ஆச்சி இன்றும் மாலை வேளையிலே திண்ணையில் இருந்து, அயலிலுள்ள பெண்பிள்ளைகளுக்குப் பெட்டி இழைக்க வாயாற் சொல்லிக் கொடுக்கிறார். சொல்லும்போது அவருடைய விரல்கள் தாமாகவே அசைகின்றன. ஓலை மட்டும் அவற்றில் இல்லை. "சாகிற வருத்தமோ?" என்று எந்த வீட்டிலாவது இனி ஒருவர் கேட்டால், "அதற்காகத்தான் இப்போதே போவோம், வாழப்போகிற கை இது" என்று விடை சொல்லுங்கள்.